காற்றை எடை போட்ட பாஸ்கல்

புத்தகத்தில் படித்த விதியொன்று கண் முன்னே உயிர் பெற்று நிற்பது வாழ்வில் எப்போதோ ஒருமுறைதான் நிகழும். எனக்கு அந்த அனுபவம் வகுப்பறையில் கிட்டவில்லை, ஆய்வுக்கூடத்திலும் கிட்டவில்லை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறையில், முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் நின்றிருந்த ஒரு சரக்கு வண்டியில் கிட்டியது.

என் தந்தையார் வண்டி பழுது பார்ப்பவர். ஊர்க்கோடியில் தகரக் கூரை வேய்ந்த சிறிய பட்டறை ஒன்று அவருக்கு உண்டு. கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் சுயதொழில் என்று எழுதினேன். அது பொய்யன்று. ஆயினும் அதை ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். உடன் பயிலும் நண்பர்கள் எவரையும் நான் அந்தப் பட்டறைப் பக்கம் அழைத்துச் சென்றதும் இல்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையின்போது, கொல்லிமலையிலிருந்து பலாவும் வாழையும் ஏற்றி வரும் சிறிய சரக்கு வண்டி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைப் பலரும் அறிவார்கள். வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங் ஒரு கணம் இறுகிப் பிடித்துக்கொண்டு, மறுகணம் திடீரென்று விட்டுவிடுகிறது என்றார் ஓட்டுநர். வண்டி அவருடைய சொந்த வண்டி. கடன் தவணை கட்டி வரும் வண்டி. இந்த நிலையில் மலை ஏறவும் பயம். ஏறாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

அப்பா பவர் ஸ்டியரிங்கின் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். தெளிவாக இருக்கவேண்டிய எண்ணெய் மோர் கடைந்தது போல் நுரைத்து வெளுத்திருந்தது. எஞ்சினை ஓட்டியதும் பம்ப் நாய்க்குட்டி போல் முனகியது. ஏர் பிடித்திருக்கிறது, ஏர் எடுக்கவேண்டும் என்றார் அப்பா. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தாங்கி கொடுத்தார். என்னை ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இடக்கோடி வரை மெதுவாகவும், பிறகு வலக்கோடி வரை மெதுவாகவும் திருப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார். தாம் டப்பாவையே பார்த்தபடி, எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுமையில்லை. அன்று மாலை நண்பர்களுடன் ஒரு கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. அப்பா எண்ணெய் எடுக்க உள்ளே சென்ற நேரத்தில் எஞ்சினைப் போட்டு, இருபுறமும் கடகடவென்று திருப்பினேன். டப்பா நுரைத்துப் பொங்கித் தரையில் வழிந்தது. அப்பா திரும்பி வந்து பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நுரை அடங்கட்டும், நாளை பார்க்கலாம் என்று ஓட்டுநரிடம் கூறிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். என் அவசரத்தால் ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

மறுநாள் அப்பா சொன்னபடியே செய்தோம். எண்ணெய் தெளிந்தது, முனகல் நின்றது. ஆனால் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடியும் நுரை! ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குச் செல்லும் ரப்பர் ஹோஸில்தான் கோளாறு என்றார் அப்பா. நான் மறுத்தேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தவில்லை. எண்ணெய் ஒழுகாத இடத்தில் ஓட்டை எப்படி இருக்கும் என்று வாதாடினேன். அப்பா பதில் பேசாமல் ஹோஸின் நுனியை அறுத்தெறிந்து, புதுக் கிளிப் போட்டு இறுக்கி, மீண்டும் ஏர் எடுத்தார். அதன் பின் நுரை வரவில்லை.

அப்பாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதை விளக்கச் சொல் இல்லை. எனக்குச் சொல் இருந்தது, காரணம் தெரியவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வாய்மொழித் தேர்வில் பாஸ்கல் விதியைத் தடங்கலின்றி ஒப்பித்து நல்ல மதிப்பெண் பெற்றிருந்தேன். கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடி, அந்த விதிக்குப் பெயர் தந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரித்துண்டும் முக்கோணமும்

பிளேஸ் பாஸ்கல் பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கிளெர்மோன் நகரில் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிறந்தார். தந்தை எத்தியேன் பாஸ்கல் வரித்துறை சார்ந்த நீதிமன்ற அதிகாரி. கணிதத்தில் புலமை மிக்கவர். பாஸ்கலுக்கு மூன்று வயதானபோது தாய் மறைந்தார். அக்காள் ஜில்பெர்த், தங்கை ஜாக்குலின் ஆகிய இருவரோடும் தந்தையின் அரவணைப்பிலேயே அவர் வளர்ந்தார்.

1631இல் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, தாமே ஆசிரியரானார். மொழிகள் முதலில், கணிதம் பிற்பாடு என்பது அவர் வகுத்த முறை. கணிதத்தின் சுவை கண்டுவிட்டால் மகன் மற்றவற்றை மறந்துவிடுவான் என்று அஞ்சி, கணித நூல்களை அவன் கண்ணில் படாமல் வைத்தார். ஆனால் தடுத்து வைத்த பொருள் மீதுதானே பிள்ளைகளுக்கு ஆசை பிறக்கும்! பன்னிரண்டு வயதுச் சிறுவன் தரையில் கரித்துண்டால் வட்டமும் கோடும் வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் ஆகும் என்பதைத் தானே கண்டறியும் நிலைக்கு வந்துவிட்டான் என்று அக்காள் ஜில்பெர்த் எழுதி வைத்திருக்கிறார். அதைக் கண்ட தந்தை மனம் மாறி, யூக்ளிடின் நூலை மகனிடம் கொடுத்தார்.

பாரிசில் மெர்சென் என்ற துறவியின் இல்லத்தில் அறிஞர்கள் கூடி விவாதிப்பது வழக்கம். தந்தையோடு மகனும் அங்கு சென்றான். பெரியவர்கள் நடுவே அமர்ந்து கேட்ட அந்தச் சிறுவன், பதினாறு வயதில் கூம்பு வெட்டுகள் பற்றி எழுதிய சிறு கட்டுரை 1640இல் அச்சாயிற்று.

தந்தைக்காகச் செய்த பெட்டி

அக்காலத்தில் எத்தியேன் பாஸ்கல் ரூவான் நகரில் வரிக் கணக்கை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றிருந்தார். அது முடிவில்லாத வேலை. 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவர் என்பது பிரெஞ்சு நாணயக் கணக்கு. நம் பழைய ரூபாய், அணா, பைசாக் கணக்கைப் போட்டவர்களுக்கு இதன் தொல்லை புரியும். நள்ளிரவு கடந்தும் விளக்கின் முன் அமர்ந்து கூட்டிக்கொண்டிருக்கும் தந்தையைப் பார்த்த மகனுக்கு, கூட்டலை மனிதன் ஏன் செய்யவேண்டும், சக்கரம் செய்யலாகாதா என்ற எண்ணம் பிறந்தது.

1642இல், பத்தொன்பது வயதில், அவர் அந்த முயற்சியைத் தொடங்கினார். ஒரு சக்கரம் பத்துப் படிகள் சுற்றி முடிந்ததும் அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளவேண்டும். சொல்வது எளிது, செய்வது அரிது. கடிகாரம் செய்யும் கைவினைஞர்களோடு அமர்ந்து மாதிரி மேல் மாதிரியாகச் செய்து பார்த்தார். ஏறத்தாழ ஐம்பது மாதிரிகள். 1645இல் இயந்திரம் ஒரு நிறைவான வடிவம் பெற்றது. விலை மிகுதியால் அது அதிகம் விற்கவில்லை. ஆயினும் கணக்கிடும் இயந்திரங்களின் வரலாற்றில் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. 1970இல் உருவான கணினி மொழி ஒன்றுக்குப் பாஸ்கல் என்று பெயர் வைத்தது அந்த நன்றிக்கடனால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்கல் ஏட்டறிவோடு நின்றுவிட்டவர் அல்லர். பித்தளையையும் இரும்பையும் தொட்டு வேலை செய்பவர்களின் பட்டறையில் அவர் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறார்.

வெற்றிடம் உண்டா?

இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பது அரிஸ்டாட்டில் காலம் தொட்டு வந்த நம்பிக்கை. உறிஞ்சு குழாயில் தண்ணீர் ஏறுவது ஏன்? உள்ளே வெற்றிடம் உண்டாவதை இயற்கை பொறுக்காமல் தண்ணீரை இழுத்து நிரப்புகிறது என்பது பழைய விடை. ஆனால் கிணற்றில் சுமார் 32 அடிக்கு மேல் எந்த உறிஞ்சு பம்பும் தண்ணீரை ஏற்றுவதில்லை. இயற்கையின் வெறுப்பு 32 அடியோடு தீர்ந்துபோகுமா என்ன?

இத்தாலியில் கலிலியோவின் மாணவர் டாரிசெல்லி 1644இல் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாகக் கவிழ்த்தால், பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது, மேலே வெறுமை. நாம் காற்றென்னும் கடலின் அடியில் வாழ்கிறோம். அந்தக் காற்றின் எடையே பாதரசத்தைத் தாங்குகிறது என்பது டாரிசெல்லியின் கருத்து.

இச்செய்தி 1646இல் ரூவானை எட்டியது. பாஸ்கல் உடனே சோதனையைச் செய்து பார்த்தார். அந்நகரின் கண்ணாடித் தொழிலாளர்கள் கைதேர்ந்தவர்கள். அவர்களைக் கொண்டு 46 அடி நீளக் குழாய்களைச் செய்வித்து, தண்ணீரையும் சிவப்பு மதுவையும் நிரப்பி மக்கள் முன்னிலையில் நிமிர்த்திக் காட்டினார். குழாயின் மேற்புறம் வெற்றிடமன்று, திரவத்தின் ஆவியே அங்கே நிறைந்து அதைக் கீழே தள்ளுகிறது என்றனர் எதிர்ப்பாளர்கள். அப்படியானால் ஆவி மிகுந்த மது, தண்ணீரைவிடத் தாழ்ந்து நிற்கவேண்டும். ஆனால் மது சற்று உயர்ந்து நின்றது. ஏனெனில் அது தண்ணீரைவிட எடை குறைந்தது. உயரத்தைத் தீர்மானிப்பது ஆவியன்று, எடையே.

மலை ஏறிய பாதரசம்

காற்றின் எடைதான் காரணம் என்றால் மலை உச்சியில் காற்று குறைவு. பாதரசமும் அங்கே இறங்கி நிற்கவேண்டும். இதைச் சோதித்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் பாஸ்கல் நோயாளி. பதினெட்டு வயது முதல் வலியின்றி ஒரு நாளும் கழிந்ததில்லை என்ற நிலை அவருக்கு. எனவே 1647 நவம்பரில், கிளெர்மோனில் வசித்த அக்காள் கணவர் ஃபுளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதி, ஊருக்கு அருகிலுள்ள பூய் தெ தோம் மலையில் சோதனையைச் செய்யக் கேட்டுக்கொண்டார். இந்த எண்ணத்தைத் தந்தவர் தாமே என்று தத்துவ அறிஞர் தெகார்த்தும் உரிமை கொண்டாடியதுண்டு.

1648 செப்டம்பர் 19. பெரியே நகரப் பெரியவர்கள் சிலருடன் காலையில் ஒரு மடத்தின் தோட்டத்தில் கூடினார். இரண்டு குழாய்களில் பாதரசத்தை நிரப்பிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே உயரம். ஒரு குழாயை அங்கேயே வைத்து, நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு, கடல் மட்டத்திலிருந்து 1465 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு ஏறினார். அங்கே பாதரசம் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது! வியப்பு தாளாமல் இடம் மாற்றி இடம் மாற்றி ஐந்து முறை அளந்தார்கள், அதே அளவு. இறங்கி வருகையில் நடுவழியில் அளந்தபோது பாதரசம் நடுத்தரமான உயரத்தில் நின்றது. அடிவாரத்துத் துறவியோ, தம் குழாயில் நாள் முழுவதும் எந்த மாறுதலும் இல்லை என்றார்.

மலை ஏறியவர்களுக்குப் புகழ் கிடைத்தது. ஆனால் மாறாத ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு பகல் முழுவதும் அமர்ந்திருந்த அந்தத் துறவி இல்லாவிட்டால் சோதனை முழுமை பெற்றிராது. அதைப் படித்தபோது, ஆயில் டப்பாவையே பார்த்தபடி நின்ற என் அப்பாவின் முகம் எனக்கு நினைவு வந்தது.

ஒருவன் கையில் நூறு பேரின் பலம்

1654ஆம் ஆண்டையொட்டிப் பாஸ்கல் தம் ஆராய்ச்சிகளை இரண்டு சிறு நூல்களாக எழுதி முடித்தார். ஒன்று திரவங்களின் சமநிலை பற்றியது. மற்றொன்று காற்றின் எடை பற்றியது. அவர் வாழ்நாளில் அவை அச்சேறவில்லை. மறைந்த மறு ஆண்டு, 1663இல், பெரியேவின் முயற்சியால் இரண்டும் ஒரே நூலாக வெளிவந்தன.

முதற்பகுதியில் ஒரு வியப்பான கருவி விளக்கப்படுகிறது. எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர். அதில் இரண்டு வாய்கள். ஒன்று மற்றதைப் போல் நூறு மடங்கு பரப்புடையது. இரண்டிலும் கச்சிதமான பிஸ்டன்கள். சிறிய பிஸ்டனை ஒருவன் அழுத்தினால், பெரிய பிஸ்டனை நூறு பேர் அழுத்தும் பலத்துக்கு அவன் ஈடுகொடுப்பான். ஓரிடத்தில் கொடுத்த அழுத்தத்தைத் திரவம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிக் கடத்துகிறது. பரப்பு மிகுந்த இடத்தில் விசையும் மிகுகிறது. ஆனால் இனாமாக எதுவும் கிடைப்பதில்லை. பெரிய பிஸ்டன் ஓர் அங்குலம் நகர, சிறியது நூறு அங்குலம் நகரவேண்டும். இதுவே நாம் ஒப்பிக்கும் பாஸ்கல் விதி.

இந்தக் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவர, தண்ணீர் கசியாத பிஸ்டன் வேண்டும். ஆங்கிலேயரான ஜோசப் பிராமா 1795இல்தான் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னும் நூற்றாண்டு கடந்து, 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் கனரகப் படை வண்டிகளில் அது பயன்பட்டது. 1951இல்தான் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட கார் ஒன்றில் முதன்முதலாக அந்த முறை இடம்பெற்றது. இன்று சிறிய கார்களில் மின்மோட்டாரே ஸ்டியரிங்குக்குத் துணைபுரிகிறது என்றாலும், கனரக வண்டிகள் பெரும்பாலும் எண்ணெயைத்தான் நம்பியிருக்கின்றன.

பட்டறைக்குத் திரும்புவோம்

பாஸ்கலின் நூலைப் பற்றி இவ்வளவு படித்த பிறகே எங்கள் பட்டறையில் நடந்தது எனக்கு விளங்கியது. அந்நூலின் இரண்டு பகுதிகளும் அந்த ஒரே வண்டியில் இருந்தன.

முதற்பகுதி திரவம். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு வால்வு சிறிது திறக்கிறது. எஞ்சினால் சுழலும் பம்ப், எண்ணெயை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 70, 80 மடங்கு, சிலவற்றில் 100 மடங்குவரை அழுத்தி அனுப்புகிறது. அந்த எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தைத் தள்ள, சக்கரங்கள் திரும்புகின்றன. கையின் வேலை வழி காட்டுவது, பலம் எஞ்சினுடையது, அந்தப் பலத்தைக் கொண்டு சேர்ப்பது எண்ணெய். திரவங்கள் அழுத்தத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. தண்ணீரை 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கினாலும் அது 200இல் ஒரு பங்குகூடச் சுருங்காது. ஆனால் காற்று அதே அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே எண்ணெயில் காற்றுக் குமிழ்கள் இருந்தால், பம்ப் தரும் தள்ளல் பிஸ்டனை எட்டுமுன் குமிழ்களை நசுக்குவதில் செலவாகிறது. பிறகு அவை விரியும்போது ஸ்டியரிங் திடீரென்று துள்ளுகிறது. மலை வளைவில் அந்த ஓட்டுநர் உணர்ந்தது இதைத்தான்.

காற்றை வெளியேற்ற மெதுவாகத் திருப்பவேண்டியது ஏன்? கோடிக்குக் கோடி திருப்பும்போது பிஸ்டன் முழு நீளமும் நகர்ந்து, மூலை முடுக்கில் தங்கிய காற்றை எண்ணெயோடு டப்பாவுக்குத் தள்ளுகிறது. அங்கே குமிழ்கள் மேலே வந்து உடைகின்றன. பெரிய குமிழ் விரைவில் ஏறும். சிறிய குமிழ் ஏறுவது மிக மெதுவாக. விட்டம் பத்தில் ஒன்றானால் ஏறும் வேகம் நூற்றில் ஒன்றாகிவிடும். நான் எஞ்சினைப் போட்டு வேகமாகத் திருப்பியபோது, எளிதில் வெளியேறியிருக்கவேண்டிய சில பெரிய குமிழ்களை ஆயிரக்கணக்கான நுண்குமிழ்களாகக் கடைந்துவிட்டேன். அவை அடங்க ஓர் இரவு வேண்டியிருந்தது. எஞ்சினைப் போடுவது கடைசிக் கட்டம். அப்போதும் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகத் திருப்பவேண்டும். ஸ்டியரிங்கைக் கோடியில் பிடித்து வைத்திருக்கலாகாது. வைத்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போய்ப் பம்ப் சூடேறும். சில பெரிய பட்டறைகளில் டப்பாவின் வாயில் ஒரு கருவியைப் பொருத்தி, மேலேயுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அழுத்தம் குறையவே குமிழ்கள் பருத்து விரைவாக ஏறிவிடுகின்றன. பாஸ்கல் வாதாடி நிலைநாட்டிய வெற்றிடம் இப்படிக்கூடப் பயன்படுகிறது!

இரண்டாம் பகுதி காற்றின் எடை. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில் எண்ணெய் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. பம்ப் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகிறது. எனவே கிளிப் தளர்ந்த இடத்தில் எண்ணெய் வெளியே வருவதில்லை. வெளிக்காற்றே தன் எடையால் உள்ளே நுழைகிறது. பூய் தெ தோம் மலையடியில் பாதரசத்தைத் தாங்கி நின்ற அதே எடைதான். சொட்டு எண்ணெய்கூடச் சிந்தாத ஓட்டை இருக்க முடியாது என்று நான் வாதாடினேனே, அதன் விடை என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. என் கண்ணுக்கு அது படவில்லை. அப்பாவின் விரலுக்குத் தெரிந்திருந்தது.

இறுதி ஆண்டுகள்

1651இல் தந்தை மறைந்தார். மறு ஆண்டு தங்கை ஜாக்குலின் போர் ருவாயல் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். 1654இல் ஃபெர்மா என்னும் கணித மேதையோடு கடிதங்கள் வழியே விவாதித்துப் பாஸ்கல் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலினார். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு அவருக்கு ஆழ்ந்த இறையனுபவம் ஒன்று ஏற்பட்டது. அதைக் குறித்து வைத்த தாளைத் தம் மேலாடையின் உட்புறத்தில் வைத்துத் தைத்து, எட்டு ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் சுமந்தார். இறந்த பின்னரே அது வெளிப்பட்டது. அதன்பின் சமயச் சிந்தனையிலேயே பெரிதும் ஈடுபட்டார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1670இல் சிந்தனைகள் என்ற பெயரில் நூலாக வந்து, பிரெஞ்சு உரைநடையின் செல்வங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றன.

ஆயினும் கடைசி ஆண்டிலும் அவர் வண்டிச் சக்கரத்தை மறக்கவில்லை. பாரிசில் செல்வர்களுக்குச் சொந்த வண்டி உண்டு, மற்றவர்களுக்குக் கால்நடைதான். குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட நேரத்தில், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் புறப்படும் வண்டிகளை விட்டால் என்ன? நண்பர்களோடு சேர்ந்து, அரசரின் அனுமதி பெற்று, 1662 மார்ச் 18ஆம் நாள் முதல் தடத்தைத் தொடங்கினார். ஒருவருக்கு ஐந்து சோல் கட்டணம். ஒரு வண்டியில் எட்டுப் பேர். ஆம், நாம் இன்று ஏறும் நகரப் பேருந்தின் முன்னோடி அதுவே. படைவீரரும் ஏவலாளரும் கூலித் தொழிலாளரும் ஏறலாகாது என்று பாரிசு நீதிமன்றம் விதித்த தடை பின்னாளில் அத்திட்டத்தின் செல்வாக்கைக் குறைத்தது. ஆனால் பாஸ்கலின் எண்ணம் வேறு. தமக்கு வரும் பங்கைப் பஞ்சத்தில் வாடிய புளுவா பகுதி ஏழைகளுக்கு அனுப்பவே அவர் விரும்பினார்.

அவ்வாண்டு கோடையில் அவர் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அக்குடும்பத்துக் குழந்தைக்கு அம்மை கண்டது. நோயுற்ற குழந்தையை இடம் மாற்றலாகாது என்று கருதி, தாமே நோயாளியாய் இருந்தும் தம் வீட்டை விட்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே 1662 ஆகஸ்டு 19ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 39. காற்றை நசுக்கினால் அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கும் என்ற பாயிலின் விதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 1971இல் உலக நாடுகளின் அளவைகள் மாநாடு அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கல் என்றே பெயர் சூட்டியது.

தந்தையின் இரவு உழைப்பைக் கண்டு கணக்கிடும் பெட்டி செய்தவர் அவர். என் தந்தையின் உழைப்பைக் கண்டு நான் செய்தது, விண்ணப்பத்தில் அதை மறைத்ததுதான். விதியை ஒப்பிப்பது அறிவாகாது. அந்த விதி எந்தக் கைகளில் வேலை செய்கிறது என்று பார்ப்பதும் கல்வியின் பகுதியே என்று இப்போது உணர்கிறேன்.

கொல்லிமலை வண்டி இன்றும் பலாவும் வாழையும் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறை வழியே போகிறது. ஓட்டுநர் கையை அசைத்துவிட்டுப் போவார். இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் வண்டி மெக்கானிக் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.